குன்னூருக்கு வீடு மாறுகிறீர்களா? முதலில் படிகளை எண்ணுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து குன்னூர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் வரை சமவெளி. அதற்கு மேல் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் சாலை சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏறிவிடும்; நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்களைக் கேட்டால் இந்தக் கிலோமீட்டரை வைத்துத்தான் விலை சொல்கிறார்கள். குன்னூருக்குக் குடிவந்தபோதும், பிறகு ஊருக்குள்ளேயே வேறு வீடு மாறியபோதும், என் நாத்தனார் குடும்பம் கோத்தகிரிக்கு வந்தபோதும் கூடவே நின்று பார்த்ததில் எனக்குப் புரிந்தது வேறு. மலையூரில் செலவும் சேதமும் வாக்குவாதமும் வண்டி நின்ற பிறகுதான் தொடங்குகின்றன. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை என்ன இருக்கிறது என்று கேட்காத நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு வீடு கிடைத்தது ஒட்டுப்பட்டறைப் பக்கம். சாலையிலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். எழுபதுக்கு மேல் படிகள் கீழே இறங்க வேண்டும். படி நடுவில் ஒரு இடத்தில் திரும்பும். திரும்பும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி. போனில் விலை கேட்டபோது எல்லாரும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் கேட்டார்கள்: எத்தனை பெட்ரூம், எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா. நான் தரைத்தளம் என்று சொல்லிவிட்டுப் படிகளைப் பற்றியும் சொன்னேன். "அதெல்லாம் எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க மேடம்" என்றார்கள். எழுதிக் கொடுத்த தாளில் மட்டும் 'தரைத்தளம்' என்று இருந்தது. சமவெளியில் தரைத்தளம் என்றால் இறக்குகூலி குறைவு. இங்கே தரைத்தளம் என்பதற்கு அந்த அர்த்தம் கிடையாது. சாலைக்கு மேலே இருக்கும் வீட்டைவிடக் கீழே இருக்கும் வீடுதான் கஷ்டம் என்பதும் பலருக்குத் தெரியாது. பாரத்தோடு ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது பாரம் ஆளையே முன்னால் தள்ளும்; பாசி பிடித்த படியில் கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவையில் 14 அடி ஐச்சர் லாரியில் ஏற்றிய சாமான், எங்களிடம் சொல்லாமலே மேட்டுப்பாளையத்தில் இரண்டு பிக்அப் வண்டிகளுக்கு மாறியது. ஒரு வண்டி காலையில் வந்தது, இன்னொன்று மதியம் தாண்டி வந்தது. ஏற்றும்போது கூட இருந்த ஆட்கள் யாரும் மேலே வரவில்லை. வந்த இரண்டு ஓட்டுநர்களும் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, "எங்க வேலை வண்டி நிக்கிற இடம் வரைக்குந்தாங்க" என்றார்கள். நிறுவனத்துக்குப் போன் செய்தால், கீழே இறக்கித் தரத் தனிப் பணம் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை வண்டி வாடகையை எட்டிப்பிடித்தது. அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. மெத்தையும் புத்தகப் பெட்டிகளும் ரோட்டோரத்தில். வீட்டுக்கார அம்மா தார்ப்பாய் கொண்டுவந்து மூடி, தெருவில் இருந்த லோடுமேன்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

வந்த நாலு பேரில் மூத்தவர் சாமானைத் தொடவே இல்லை. முதலில் படி வழியாக இறங்கிப் போனார், கதவைப் பார்த்தார், திரும்பும் இடத்தில் கையை விரித்து அளந்தார், மேலே வந்தார். "அக்கா, பீரோவ நிமித்திக் கொண்டு போனா தொட்டிகிட்ட திரும்பாது. கதவு ரெண்டையும் கழட்டிக்கலாங்க. ஃபிரிட்ஜ் முதுகுல போகட்டும், அது நிமிந்தே வரும்." கயிறை ஃபிரிட்ஜைச் சுற்றிக் கட்டி ஒருவர் முதுகில் வாங்க, முன்னால் ஒருவர் பின்னோக்கி நடந்தபடி ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே இறங்கினார். தலைச்சுமைக்குச் சும்மாடு. கையில் பிடித்துத் தூக்கிய பொருள் மிகக் குறைவு. ஒரு கீறல் விழவில்லை. மேட்டுப்பாளையத்தில் வண்டி மாற்றியபோதுதான் டிவி ஸ்டாண்டின் கண்ணாடி போயிருந்தது.

இதற்கு அப்புறம் நாங்கள் மாறியபோதெல்லாம் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டோம். கட்டுவதும் ஏற்றுவதும் கீழே இருப்பவர்கள் செய்யட்டும். மலை ஏறுவதும் இறக்குவதும் மலைக்காரர்கள் செய்யட்டும்.

மலை வண்டியைப் பற்றி ஒரு விஷயம். நீலகிரியிலிருந்து தினமும் கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வண்டிகள் இறங்குகின்றன. பெரும்பகுதி மேட்டுப்பாளையம் மண்டிகளுக்குப் போகும். இரவிலும் விடியற்காலையிலும் லோடு இறக்கிவிட்டுப் பல வண்டிகள் மேலே காலியாகத்தான் திரும்புகின்றன. அந்தத் திரும்பு வண்டியை முன்கூட்டியே பேசிக்கொண்டால் வாடகை குறையும். ஓட்டுநருக்கு அந்த வளைவுகள் பழக்கம். டிஎன் 43 பதிவெண் இருப்பதால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. வெளி மாவட்ட வண்டியைப் பேசினால் அதை யார் எடுப்பது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறி வண்டியில் மண்ணும் ஈரமும் இருக்கும். கழுவித் துடைத்து, தரையில் ஒரு தார்ப்பாய் விரித்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். நாத்தனார் வீட்டுச் சாமான் அப்படித்தான் கோத்தகிரி ஏறியது.

எந்த வண்டி என்பதும் முக்கியம். பெரிய வண்டி ஒன்றில் எல்லாம் போய்விடும் என்று நிறுவனத்தார் ஆசை காட்டுவார்கள். பிரதான சாலை வரை போகும்தான். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மூன்றிலும் குடியிருப்புத் தெருக்கள் குறுகல். திருப்ப இடம் இருக்காது. ஒரு கார் நின்றிருந்தால் போதும், 14 அடி வண்டி உள்ளே வராது. அங்கே நிறுத்திச் சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது உடையும். டாடா ஏஸ் எனும் குட்டி யானை எந்தச் சந்திலும் நுழையும். ஆனால் அது தாங்குவது முக்கால் டன் அளவுதான். அதற்கு மேல் ஏற்றி மலையில் விட்டால் வளைவில் முன்சக்கரம் லேசாகிவிடும். எங்களைப் போன்ற நாலு பேர் குடும்பத்துக்கு ஒன்றேகால் டன் தாங்கும் பிக்அப் இரண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் வரை போகிற மாதிரி பேசுவதுதான் சரி என்பது என் எண்ணம். சாமான் கீழே ஏறியது முதல் மேலே இறங்கும் வரை வண்டி மாறக் கூடாது. இதைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

ஓட்டுநரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அண்ணா, இறங்கும்போது எந்த கியர்?" மலைக்காரர் யோசிக்காமல், "ஏறுன கியர்லயேதாங்க இறங்கணும்" என்பார். சாலையோரப் பலகைகளும் இரண்டாவது கியரில் செல்லத்தான் சொல்கின்றன. பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவருக்கு பர்லியாறு வருவதற்குள் பிரேக் சூடாகி வாடை வரும். குறுகிய இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்ற சாலை விதியும் சமவெளி ஓட்டுநர் பலருக்குப் பழக்கத்தில் இருப்பதில்லை. லோடு வண்டி ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி எடுக்கும்போது பின்னால் உருளும். உள்ளே உள்ள அத்தனை சாமானும் பின்கதவில் வந்து மோதும்.

அதனால்தான் அடுக்கும் விதமும் இங்கே வேறு. கனமானது எல்லாம் கேபினை ஒட்டி, தரையோடு. பீரோ, வாஷிங் மெஷின், கிரைண்டர் கல் இவையெல்லாம் முதலில் ஏற வேண்டும். பின்கதவுப் பக்கம் மெத்தை, துணி மூட்டை. ஏற்றத்தில் எல்லாம் பின்னால் சாயும், வளைவில் பக்கவாட்டில் ஆடும். ஆகவே நீளவாக்கில் ஒரு கயிறு, குறுக்கே ஒரு கயிறு, இரண்டும் வேண்டும். கேபின் உயரத்துக்கு மேல் அடுக்க விடாதீர்கள். சாலைக்கு மேல் கிளைகள் தாழ்ந்து கிடக்கும் இடங்கள் உண்டு, தார்ப்பாயைக் கிழித்துவிடும். முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷின் என்றால் வாங்கும்போது கொடுத்த டிரான்சிட் போல்ட்டைத் தேடி எடுத்துப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் டிரம் ஆடி ஆடிப் பழுதாகும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் படுக்க வைக்கவே கூடாது. அதை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிறுத்தி, வேறு எதன்மீதும் சாயாமல் வைக்க வேண்டும். வளைவில் ஆசிட் சிந்தினால் கீழே இருக்கும் துணியெல்லாம் போச்சு.

உயரம் ஏறும்போது காற்றழுத்தம் குறைகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. குன்னூரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதே வேலை ஷாம்பு பாட்டிலிலும் எண்ணெய் டப்பாவிலும் ஊறுகாய் ஜாடியிலும் நடக்கும். மூடியை நன்றாக இறுக்கி, தனிப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். கேஸ் சிலிண்டரை மட்டும் சாமானோடு ஏற்றவே வேண்டாம். கீழே ஏஜென்சியில் ஒப்படைத்து, அதற்கான சீட்டை வாங்கி, மேலே வந்து புது இணைப்பு எடுங்கள்.

எப்போது மாறுவது? மே மாதம் பள்ளி விடுமுறை என்று எல்லாரும் அப்போதுதான் பேசுவார்கள். தயவுசெய்து வேண்டாம். மலர்க் கண்காட்சி சமயத்தில் மேலே ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். லோடு வண்டிகளைப் பகலில் நிறுத்தி வைப்பதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அந்த மழை முழுதாக நம் தலையில் விழும். 2009 நவம்பரில் அந்த மழையில் மண் சரிந்து நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் ஐப்பசி, கார்த்திகையில் வண்டி பேசத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் போகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் பயம். ஜனவரி முதல் மார்ச் வரை எல்லாப் பக்கத்துக்கும் நல்லது. குளிர் இருக்கும், படி காய்ந்திருக்கும்.

நேரமும் அப்படித்தான். விடியற்காலை கீழே ஏற்றி, காலை பத்து மணிக்குள் மேலே வந்துவிட்டால் மதியத்துக்குள் எல்லாம் வீட்டுக்குள் போய்விடும். மதியம் தாண்டினால் பனியோ மழையோ எதுவும் வரலாம், ஆறு மணிக்குப் படிகளில் வெளிச்சம் இருக்காது. மீதியை நாளைக்கு எடுக்கலாம் என்று சாலையோரம் விட்டுவைக்க முடியாது. குன்னூர்க் குடியிருப்புகளுக்குள் காட்டுமாடு சாதாரணமாக நடமாடும். அரிசி, எண்ணெய் வாசம் பிடித்துக் கரடியும் வரும்.

பெங்களூரு, மைசூரு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்திப்பூர் வழியாக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து இல்லை. இதை அறியாமல் இரவு வண்டியைக் கிளப்பினால் குண்டல்பேட்டைக்குப் பக்கத்தில் விடியும் வரை நிற்க வேண்டிவரும். தெப்பக்காட்டில் பாதை பிரியும்போது மசினகுடி, கல்லட்டி வழி கிட்டம் என்று வண்டி அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான ஏற்றம். கூடலூர் வழியாக வரச் சொல்லுங்கள்.

இனி காகிதம். பலர் இதை அலுப்பாக நினைப்பார்கள், எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். ஏனென்றால் மலையில் சாமான் சாலையோரம் நிற்கும்போது நம்மிடம் பேரம் பேசும் பலம் கொஞ்சமும் இருக்காது. வயதான மாமியாரும் குழந்தையும் பனியில் நிற்கும்போது கேட்ட பணத்தைக் கொடுத்துவிடத்தான் தோன்றும். ஆகவே விலைப்பட்டியலில் இவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும்: வண்டி வாடகை, கட்டும் கூலி, ஏற்றுகூலி, வீட்டுக்குள் வரை இறக்குகூலி, சின்ன வண்டிக்கு மாற்ற நேர்ந்தால் அதை யார் ஏற்பது, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. படிகளை மேலிருந்து கீழ் வரை நடந்தபடி போனில் வீடியோ எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். படி எத்தனை, திரும்பும் இடம் எத்தனை அடி அகலம், வாசல் எத்தனை அடி என்று அதே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். 'பார்த்தோம், இதற்கும் சேர்த்துத்தான் விலை' என்று அவர்கள் பதில் போட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். வீட்டுக்குள் கடைசிப் பெட்டி வந்த பிறகே மீதிப் பணம். வண்டி எண், ஓட்டுநரின் போன் எண் இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் மின்-சீட்டான இ-வே பில்லுக்கு என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமானுக்கு ஜிஎஸ்டி விதிகளிலேயே அதிலிருந்து விலக்கு இருக்கிறது. சரக்கு ரசீது மட்டும் கட்டாயம் வாங்குங்கள். 2007-இல் வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சாமானை ஒப்படைக்கும்போது நிரப்பும் தாளில் நீங்கள் எழுதும் மதிப்புக்கு அர்த்தம் உண்டு. கூடுதல் பொறுப்புக்குத் தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால், சேதத்துக்கு நிறுவனம் தர வேண்டியது வாடகையின் பத்து மடங்கைத் தாண்டாது. எழுதிய மதிப்பையும் தாண்டாது. வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், சாமானை அனுப்பப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இருபதாயிரம் மதிப்புள்ள டிவியை 'மின்சாதனம் 1' என்று எழுத விடாதீர்கள். பெயர், மாடல், மதிப்பு, ஏற்றும்போது இருந்த கீறல் உட்பட எழுதி, பெட்டிகளுக்கு எண் போட்டு, பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்து.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. நிறுவனங்கள் சுற்றிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் உறையும் பபிள் கவரும் பிரித்த பிறகு எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளத்தில் போட்டால் ஓடைக்குப் போகிறது, காட்டுமாடு தின்கிறது. பழைய போர்வை, சேலை, கோணி, செய்தித்தாள், அட்டைப்பெட்டி இவற்றைக்கொண்டு கட்டச் சொல்லுங்கள். மர அலமாரிக்குப் போர்வைதான் நல்லதும்கூட, ஈரம் உள்ளே தங்காது. மீறிப் போட்ட பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப்போவது அவர்கள் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளூர் லோடுமேன்களிடம் பேரம் பேசுவதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. வண்டி வாடகையில் பேசுங்கள், கட்டும் கூலியில் பேசுங்கள். படியில் பாரம் சுமக்கிறவரின் கூலியில் கைவைக்காதீர்கள். முந்தைய நாளே அவர்களைக் கூப்பிட்டுப் படியையும் கதவையும் காட்டி, மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவது இரு தரப்புக்கும் மரியாதை. மழை வந்தால் அவசரப்படுத்தாமல் நிறுத்தச் சொல்லுங்கள். நடுவில் சூடாக டீ, வேலை முடிந்ததும் சாப்பாடு. இதையெல்லாம் செலவுக் கணக்கில் முன்பே சேர்த்துவிட வேண்டும்.

அவர்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பீரோ, கட்டில், புத்தக அலமாரி எதையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்க விடாதீர்கள். நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும், ஒட்டி இருக்கும் பலகையில் பூஞ்சை பிடிக்கும். கழற்றிய கதவுகளையும் அப்போதே மாட்டிவிடட்டும். ஃபிரிட்ஜைச் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் ஸ்விட்ச் போடுங்கள்.